கரைப் பக்கம் ஒரு அரிசி

அவர் எதையும் முதல் தடவையில் சரி என்று சொன்னதில்லை. கொடுத்த காப்பியைக்கூட ஒரு வாய் குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, மறுபடி எடுத்து இன்னொரு வாய் குடித்த பிறகுதான் "ம்" என்பார். அந்த "ம்" வந்தால் காப்பி நன்றாக இருக்கிறது என்று பொருள். வராவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். டம்ளரில் முக்கால்வாசி அப்படியே இருக்கும்.

அவர் முனிசிபலில் மண்டோர். தெரு, வடிகால், பூங்கா வேலை பார்க்கும் கூலி ஆட்களுக்கு மேலாள். காஜா பேராங்கில் எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு. வேலை முடிந்ததா என்று யார் கேட்டாலும் ஒரே சொல்தான் வரும்: "பெலும்." இன்னும் இல்லை என்பதற்கு மலாய்ச் சொல் அது. நாங்கள் எல்லாரும் தமிழோடு சேர்த்துப் புழங்குவதுதான். ஆனால் அவர் அதைச் சொல்லும்போது, கேட்டவனுக்கே தான் அவசரப்பட்டுவிட்டோமோ என்று வெட்கம் வந்துவிடும். ஊரில் அவருக்குப் பெலும் மண்டோர் என்றே பெயர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதவில்லை. எழுதினால் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்த்துச் சொல்ல இப்போது அவர் இல்லை.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்குக் கேலி பேச ஆள் தேட வேண்டாம், வீட்டிலேயே ஒருவர் இருந்தார். "கல்யாணத்தன்னிக்கு ஐயரு மட்டும் விட்டிருந்தா மூணு முடிச்சையும் அவுத்துப் பாத்துட்டுத்தான் போட்டிருப்பாரு" என்று அவர் எதிரிலேயே சொல்வார். மண்டோர் கோபப்படமாட்டார். வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "ரெண்டாவது முடிச்சு கொஞ்சம் லூசுதான்" என்பார்.

ஜப்பான்காரர்கள் வந்த அடுத்த வருடம் எனக்கு மகள் பிறந்தாள். கல்யாணத்துக்கு முன் தமிழ்ப் பள்ளியில் பயிற்சி ஆசிரியையாக இருந்தேன். பாடம் நடத்தப் பயப்படாதவள், பிள்ளை பிறந்த பிறகு எல்லாவற்றுக்கும் பயந்தேன். தூங்குகிற குழந்தையின் மூக்கடியில் ஒரு மணிக்கு நாலு தடவை விரல் வைத்துப் பார்ப்பேன். என் கணவர் பண்டார் ஹிலிரில் ஒரு துணிக்கடையில் இருந்தார். கடை மூடிவிட்டது. பாலுக்குப் பதில் கஞ்சித் தண்ணீர், எங்களுக்கு மரவள்ளி.

ஒரு நாள் அக்காவோடு குழந்தையைப் பார்க்க வந்தவர், குழந்தையைப் பார்க்காமல் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொட்டில் சாயுது தங்கச்சி."

குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். பிறந்ததிலிருந்து சாய்ந்துதான் படுத்திருந்தாளா, அதனால்தான் பால் கக்கினாளா என்று ஆயிரம் யோசனை. அவருடைய ரசமட்டத்தை ஒரு ஜப்பான் சிப்பாய் பிடுங்கிக்கொண்டு போயிருந்தான். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடுவதைப் பார்க்க அவனுக்கு வேடிக்கையாக இருந்ததாம். அதனால் மண்டோர் என் அலமாரியில் காலியாக இருந்த வயிற்றுவலி மருந்துப் போத்தலை எடுத்தார். தட்டையான போத்தல். தண்ணீர் நிரப்பி, ஒரு குமிழிக்கு மட்டும் இடம் விட்டு அடைத்தார். தொட்டில் கட்டையின் மேல் படுக்கவைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. முடிச்சை அவிழ்த்துக் கட்டினார், மறுபடி வைத்தார். மூன்று தடவை. அதற்குள் குழந்தை என் தோளிலேயே தூங்கிவிட்டாள்.

போகும்போது போத்தலைக் கேட்டார். நடு தெரிய ஒரு அடையாளம் வேண்டும் என்று சொன்னதால், மகள் கையில் கட்டியதுபோக மீதியிருந்த கறுப்புக் கயிற்றை அதன் நடுவில் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தப் போத்தல் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

என் கணவரை அவர்தான் ஆற்றங்கரைப் பூங்கா வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பூங்கா முனிசிபலுக்குச் சொந்தமானதல்ல. நிலம் மாநில சர்க்காருடையது. முன்பு வெள்ளைக்காரர்கள் கையில் இருந்தது, அப்போது ஜப்பான்காரர்கள் கையில். பாலத்திலிருந்து படகுத்துறை வரை நீளமான ஒரு துண்டு, சில அங்சானா மரங்கள், முழங்கால் உயரப் புல், அவ்வளவுதான். நகர அலுவலகத்துக்கு வந்த ஜப்பான் அதிகாரிக்கு மாலையில் ஆற்றைப் பார்த்து உட்கார ஆசை வந்தது. சரளைப் பாதை, இரண்டு பக்கமும் செங்கல் வரிசை, எட்டு பெஞ்சு, ஒரு வடிகால் என்று உத்தரவு போட்டார். செலவு நகரத்துடையது. அலுவலகத்துத் தலைமைக் கிராணி, அதாவது பெரிய குமாஸ்தா, நம் ஊர்க்காரர்தான். அடுத்தவர் நிலத்துக்கு நம் பணத்தை ஏன் கொட்ட வேண்டும் என்று அதிகாரி இல்லாத நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பாராம். பாக்கி வேலை இருக்கிறது என்று மாதாமாதம் அறிக்கை போனால்தான் அடுத்த மாதப் பணத்துக்கு முத்திரை விழும்.

பணம் என்றால் ஜப்பான்காரர்கள் அச்சடித்த, வாழைமரம் போட்ட நோட்டு. அதற்கு மதிப்பு இல்லை. அதோடு வரும் அரிசிக்கு இருந்தது. அரிசியைவிட ஒரு துணிப்பட்டைக்கு இருந்தது. முனிசிபல் ஆள் என்று முத்திரை குத்திய பட்டை. அதைக் கையில் கட்டியவரைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போகமாட்டார்கள். புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து லோரியில் ஏற்றிப் போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை. மண்டோரிடம் பன்னிரண்டு ஆட்கள் இருந்தார்கள், பன்னிரண்டு பட்டைகள். ஒரு பட்டை என் கணவர் கையில். இரவில் அவர் அதைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது ஆணி உறுதியாக இருக்கிறதா என்று நான் தொட்டுப் பார்ப்பேன்.

பூங்காவில் மண்டோர் தம் சுபாவப்படியே இருந்தார். பாதையின் மேல் போத்தலை நீளவாக்கில் வைத்தால் குமிழி கயிற்றில் நிற்க வேண்டும். குமிழி மேட்டுப் பக்கம்தான் ஒதுங்கும், அதனால் குறுக்கே வைத்தால் அது நிலத்தை ஒட்டிய கரைப் பக்கம் ஒரு அரிசி அளவு தள்ளி நிற்க வேண்டும். அப்போதுதான் மழைத் தண்ணீர் ஆற்றுப் பக்கம் ஓடும். அரை அரிசி என்றால் தோண்டு. ஒன்றரை அரிசி என்றாலும் தோண்டு. செங்கல் வரிசையை இரண்டு முறை பெயர்த்தார்கள். பெஞ்சுகள் நாலு மணி வெயிலுக்கு முகம் காட்டுகின்றன என்று எட்டையும் திருப்பினார்கள். கூட்டத்தில் செட்டிக் கம்பத்துக் குடியிருப்புக்காரர் ஒருவர் இருந்தார், மலாய்தான் பேசுவார். காலையில் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது மண்டோர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் குரலிலேயே இவர் "பெலும்" என்பாராம். எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு மண்வெட்டியை எடுப்பார்கள்.

என் கணவருக்கு உள்ளங்கை முழுவதும் கொப்புளம். போட்ட கல்லையே மூன்றாம் தடவை தூக்குகிறோம் என்று புலம்பினார். சாப்பாட்டில் சத்து இல்லை, ஆள் பாதியாகிவிட்டார். நான் பொறுக்காமல் ஒரு நாள் மண்டோர் வீட்டுக்குப் போய், அவர் கையைப் பாருங்கள் அண்ணே, மனுஷர் தாங்கமாட்டார் என்றேன்.

"கை ஆறும் தங்கச்சி" என்றார்.

எனக்கு வந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது. கல் மனசு என்று வீட்டில் வந்து சொன்னேன். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு எத்தனை மாதம் ஆயிற்று என்பதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

மாத அறிக்கையை எழுதியது நான். ஜப்பான்காரர்கள் வந்ததும் பள்ளி ஆசிரியர்களுக்கு நடத்திய வகுப்பில் ஜப்பான் எழுத்து கற்றிருந்தேன். அந்த எழுத்தில் இருந்தால் அதிகாரி மேசையில் தாமதம் ஆகாது. மண்டோருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவர் வாயால் சொல்வார், நான் எழுதுவேன், அவர் கட்டைவிரல் வைப்பார். பெலும் என்பதற்கு ஜப்பானில் என்ன என்று முதல் மாதமே கேட்டார். மாடா என்றேன். மறுநாள் வேலையில் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறார். "மாடா? அது நாங்கதான் மண்டோர்" என்று ஆட்கள் சொன்னார்களாம்.

நாலைந்து மாதம் நான் மாடா, மாடா என்றே எழுதினேன். பிறகு ஒரு நாள் மகளைத் தூக்கிக்கொண்டு, கணவருக்குக் கிழங்கு எடுத்துப் போனேன். பூங்காவைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். அங்சானாப் பூ உதிர்ந்து சிவப்புச் சரளையின் மேல் மஞ்சளாகக் கிடந்தது. செங்கல் வரிசை நூல் பிடித்ததுபோல் ஆற்றோடு வளைந்து போயிற்று. அந்த வருடத்தில் நான் பார்த்த ஒரே அழகான பொருள் அதுதான். என்ன குறை இருக்கிறது இதில்?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். முடியவில்லை என்று எழுதுவது என் கை. அதிகாரி நேரில் வந்து பார்த்தால் பொய் சொன்னது யார் என்று கேட்கமாட்டாரா? என்னைப் பிடித்துப் போனால் குழந்தை? முடிந்தது என்று எழுதினால் நல்ல வேலை என்று மெச்சி ஆட்களுக்குக் கொஞ்சம் அரிசி கூடக் கொடுக்கலாம், அடுத்த வேலைக்கு அனுப்பலாம். உண்மையை எழுதச் சொல்லித்தானே பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்? அந்த மாதம் மண்டோர் வந்து, போன மாதம் மாதிரியே எழுதிவிடு என்றார். நான் வேலை முடிந்தது என்று எழுதினேன். அவர் விரல் வைத்தார். மையைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அந்த ஒரு வரியைத் தாண்டிவிட்டுப் படித்தேன்.

மூன்றாம் நாள் மாலை என் கணவர் முகம் செத்து வந்தார். சனிக்கிழமை அதிகாரி பூங்காவை ஏற்றுக்கொள்ள வருகிறார். அதோடு பணம் நிற்கிறது. பன்னிரண்டு பட்டைகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெயர்ப் பட்டியலைக் கூலி ஆபீசுக்கு அனுப்பும்படி தலைமைக் கிராணி சொல்லிவிட்டார். கூலி ஆபீஸ் என்றால் எங்கே என்று கேட்கத் தேவையில்லை. சயாம்.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது வீட்டுக்கு ஓடினேன். அக்கா முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். மண்டோர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எழுதிட்டேன் அண்ணே. முடிஞ்சுதுன்னு நான்தான் எழுதிட்டேன்."

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். அவர் என்னை அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"யாரு சொன்னா முடிஞ்சுதுன்னு?" என்றார் மண்டோர்.

"நானே போய்ப் பாத்தேன்."

"போத்தல் வச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

குழந்தைக்குக் காற்று படுகிறது, வீட்டுக்குப் போ என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் பூங்காவில் இருந்தார் என்று என் கணவர் சொன்னார். மண்வெட்டியும் மண் இறுக்கும் திமிசுக்கட்டையும் அங்கேதான் கிடந்தன. இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதக்கூடாது.

சனிக்கிழமை, எழுதியவள் என்பதால் என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்களின் வரிசைக்குப் பின்னால் நின்றேன். அதிகாரி பாதையில் நடந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக, சந்தோஷமாகத்தான் நடந்தார். ஆற்றைப் பார்த்த நடுப் பெஞ்சு அவருக்கானது. அதன் முன்னால் வந்ததும் மண்டோர் குறுக்கே போய், இடுப்பு வளையக் குனிந்து கும்பிட்டு, நிமிர்ந்து, அவருக்குத் தெரிந்த அந்த ஒரே ஜப்பான் சொல்லைச் சொன்னார்.

"மாடா."

அதிகாரி தலைமைக் கிராணியைப் பார்த்தார். கிராணி என் காகிதத்தை எடுத்துக் காட்டி, முடிந்தது என்று எழுதியிருக்கிறதே என்று இரண்டு மொழியிலும் கேட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். மகள் என் புடவையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதின புள்ள மேல தப்பில்ல" என்றார் மண்டோர். "சரியா இருக்குன்னு நான்தான் சொன்னேன். பாக்காம சொல்லிட்டேன்."

கிராணி மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே அறை விழுந்தது. மண்டோர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். கையிலிருந்த போத்தல் சரளையில் உருண்டது, உடையவில்லை. அவர் அதை எடுத்துத் துடைத்து, அடி வாங்கிய கன்னத்தைத் தொடக்கூட இல்லாமல், பெஞ்சுக்கு முன்னால் குறுக்கே படுக்கவைத்தார். பார்த்தார். எடுத்தார். முதல் தடவை வைத்தது சரியில்லையோ என்பதுபோல் மறுபடியும் வைத்தார். குமிழி கயிற்றைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போய் நின்றது. பிறகு ஒரு தகர வாளித் தண்ணீரைப் பாதையில் ஊற்றினார். தண்ணீர் ஓடி வந்தது. ஆற்றுக்குப் போகவில்லை. அதிகாரி உட்கார்ந்தால் அவர் பூட்ஸ் எங்கே இருக்குமோ, சரியாக அங்கே வந்து குட்டையாக நின்றது.

அதிகாரி வெகு நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்தார். பூட்ஸ் நுனியை அதில் வைத்து எடுத்தார். ஏதோ சொன்னார். எல்லாவற்றையும் திரும்பப் போடவேண்டும், வேலை முடிகிறவரை பணம் வரும் என்று கிராணி சொன்னார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

அன்று மாலை அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிச்சதுக்கு ஒன்னும் இல்லடி. சரியில்லாததச் சரின்னு சொன்னதா நாலு பேரு முன்னாடி ஒத்துக்கிட்டாரே, அதுக்குத்தான் சோறு இறங்கல." நான் அழுதேன். அப்போதுதான் கல் மனசு என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் ஜப்பான் காலம் முடியும்வரை நான் மாடா என்றே எழுதினேன். ஒருவரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. மற்றப் பதினொரு பேரும் தினம் காலையில் வரிசையில் நின்று, பெலும் என்ற சொல்லைக் கேட்டுச் சிரித்து, மண்வெட்டியை எடுத்தார்கள். ஒருவரையும் லோரி ஏற்றவில்லை.

ஆரம்பத்திலிருந்தே அவர் வேண்டுமென்றுதான் இழுத்தடித்தாரா, இல்லை அரை அரிசி தாங்காத அவர் சுபாவம்தான் அவர்களைக் காப்பாற்றியதா? இதை நான் எத்தனை முறை மாற்றி மாற்றி யோசித்திருக்கிறேன். ஒரு தடவை தைரியமாகக் கேட்டேவிட்டேன். அந்தப் பள்ளத்தை நீங்கள்தானே செய்தீர்கள் அண்ணே என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பள்ளம் இருந்துச்சு தங்கச்சி. நீ பாக்கல."

அக்காவைக் கேட்டேன். "அவரா? போட்ட பாதையைக் கெடுக்கிறவரா?" என்று சிரித்தார். பிறகு, "அன்னிக்கு வேட்டியில ரொம்பச் செம்மண்ணுதான்" என்றார். என் கணவரைக் கேட்டால், எனக்குக் கை ஆறிவிட்டது, அது போதும் என்பார்.

இப்போது மகள் பள்ளிக்குப் போகிறாள். மடியில் இன்னொருவன் இருக்கிறான். போன வாரம் பத்திரிகையில் பார்த்தேன், ஆற்றங்கரைப் பூங்காவைச் சீர்திருத்த நகரசபை பணம் போடலாமா என்று பேச்சு நடக்கிறதாம். மாநிலத்து நிலத்துக்கு நகரம் ஏன் செலவழிக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டா, தெரியவில்லை. என் வீட்டில் ஒரு மனிதர் மாலையில் திரும்பி வருகிறார் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

கடைசியாக ஒன்று. ஜப்பான் சரணடைந்து, வெள்ளைக்காரர்கள் திரும்பி வருவதற்குள் சில வாரங்கள் ஊரில் ஆள்கிறவர் யார் என்றே தெரியாமல் இருந்தது. நகர அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அதிகாரி இல்லை, பணம் இல்லை, அரிசி இல்லை. பட்டையை என் கணவர் ஆணியிலிருந்து கழற்றி அடுப்பில் போட்டுவிட்டார். அப்படியும் காலையில் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். கேட்டதற்கு, மண்டோர் தனியாக மண் அள்ளுகிறார், எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது என்றார். மற்றவர்களும் போனார்களாம், கூலி கேட்காமல்.

ஒரு நாள் காலை என்னை வரச்சொல்லி ஆள் வந்தது. மகள் என் கையைப் பிடித்து நடந்தே வந்தாள். நடுப் பெஞ்சுக்கு முன்னால் சரளை புதிதாக இருந்தது. மண்டோர் குந்தி உட்கார்ந்து போத்தலைக் குறுக்கே வைத்தார். என் மகளின் கறுப்புக் கயிறு சாம்பல் நிறமாகியிருந்தது. குமிழி அசைந்து, நின்றது. கரைப் பக்கம் ஒரு அரிசி. எடுத்து மறுபடி வைத்தார். அதே இடம்.

"இப்ப எழுது தங்கச்சி."

யாருக்கு எழுதுவது அண்ணே, வாங்கிக்கொள்ள ஆபீஸே இல்லையே என்றேன். அவர் காது கேட்காதவர்போல் ஒரு பழைய படிவத்தையும் பென்சிலையும் நீட்டினார். தமிழிலேயே எழுதச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். பாதை, செங்கல் வரிசை, எட்டு பெஞ்சு, வடிகால். வேலை முடிந்தது. இந்தத் தடவை ஒரு வரியையும் தாண்டாமல் உரக்கப் படித்தேன். பதினொரு பேரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, அந்த "ம்" வருகிறதா என்று அவர் முகத்தையே பார்த்தார்கள்.

அவர் ஆற்றைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை படி" என்றார்.